வைக்கோல் கடதாசிக்கு எந்தத் தூள்?

வாழைச்சேனைப் பக்கத்துப் பெண்கள் குழு ஒன்று கையால் கடதாசி செய்து வருகிறது. வைக்கோலை அவித்த கூழ் பாதி, கந்தோர்களில் கழித்துப் போடும் பழைய கடதாசி பாதி. நான் மட்டக்களப்பு டவுனில் சின்ன அச்சகம் வைத்திருக்கிறேன், அவர்களுடைய தாளில் கல்யாணக் கார்ட் நிறைய அடித்திருக்கிறேன், ஒரு பக்கம் மட்டும் அடிக்கிற வேலை என்பதால் குறை ஒன்றும் தெரியவில்லை. போன வருடம் ஒரு கோயிலின் கும்பாபிஷேக மலருக்கு நாலு பக்கம் அந்தத் தாளில் வேண்டும் என்று கேட்டார்கள். ஸ்க்ரீனில், அதாவது துணிச் சட்டத்துக்கு மேலால் மையை இழுத்து, அடித்தோம். முன்பக்கம் அழகாக விழுந்தது, தாளைத் திருப்பினால் முன்பக்கத்து எழுத்தெல்லாம் இடம்வலம் மாறி அப்படியே தெரிகிறது. அதன் மேல் இன்னொரு பக்கத்தை எப்படி அடிப்பது? வேலை கடைக் கடதாசிக்குப் போய்விட்டது.

அதற்குப் பிறகுதான் குழுவில் மூத்த தங்கச்சி கேட்டாள், "கடைக் கடதாசியில ஏதோ பவுடர் போடுறாங்களாமே அண்ணே, நாங்களும் போட்டா என்ன? மறுகா எதைப் போடுற?"

நல்ல கேள்வி. பதில் சொல்ல எனக்குப் பல மாதம் எடுத்தது. அவர்கள் விசாரித்து வைத்திருந்தவை ஐந்து: கயோலின் என்கிற வெண்களிமண், சுண்ணாம்புக்கல் தூள், டல்க் (முகப் பவுடர் செய்யும் மென்கல்), டைட்டானியம் டைஒக்சைட், அப்புறம் அரிசி ஆலையில் சும்மா கிடைக்கும் உமிச் சாம்பல். இதே யோசனையில் அம்பாறைப் பக்கம் வேறு ஆட்களும் இருக்கலாம் என்பதால் நான் பார்த்ததையும் படித்ததையும் சேர்த்து எழுதுகிறேன்.

முதலில் இந்தத் தூள் என்ன செய்கிறது என்று பார்ப்போம். ஃபோட்டோகொப்பிக் கடதாசி ஒரு கட்டு, ஏ4, 80 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீற்றர் தாளின் நிறை 80 கிராம்), 500 தாள், நிறை 2.5 கிலோ. அதில் நூற்றுக்கு 15 முதல் 25 பங்கு வரை கல்தூள்தான் இருக்கும். 20 என்று வைத்தால் ஒரு கட்டில் அரைக் கிலோ கல்லை நாம் காசு கொடுத்து வாங்குகிறோம். கம்பனிக்காரர் கலப்படம் செய்கிறார்கள் என்று கோபப்பட வேண்டாம். நாரை விடக் கல் மலிவு என்பது உண்மை, ஆனால் அந்தத் தூள் இல்லாவிட்டால் அந்தக் கடதாசி இவ்வளவு வெள்ளையாகவும் மட்டமாகவும் மறுபக்கம் தெரியாமலும் இருக்காது.

கொப்பித்தாளில் சுற்றின வடையை நினைத்துப் பாருங்கள். எண்ணெய் ஊறின இடம் மட்டும் கண்ணாடி மாதிரி ஆகிவிடும். அந்த இடத்தில் நாரும் அப்படியே இருக்கிறது, தூளும் அப்படியே இருக்கிறது, போனது நாருக்கு இடையில் இருந்த காற்று மட்டும்தான். வெளிச்சம் காற்றிலிருந்து நாருக்குள் போகும்போதும் வரும்போதும் சிதறுகிறது, அந்தச் சிதறல்தான் நாம் பார்க்கும் வெள்ளை, மறுபக்கத்தை மறைப்பதும் அதுதான். எண்ணெய் நிரம்பினதும் நாருக்கும் எண்ணெய்க்கும் ஒளி முறிவு ஏறக்குறைய ஒன்றாகிவிடுவதால் வெளிச்சம் தடையில்லாமல் ஊடுருவிப் போகிறது. அச்சு மையிலும் எண்ணெய் இருக்கிறது. தாளில் ஊறினால் அதே கதை. ஒன்று இரண்டு மைக்ரோன் (மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவுள்ள மணிகள் நாருக்கு இடையில் உட்கார்ந்தால் பெரிய ஓட்டைகள் ஏராளமான சின்ன ஓட்டைகளாகப் பிரிகின்றன, வெளிச்சம் சிதறும் இடமும் கூடுகிறது, மையும் ஆழமாக இறங்காமல் மேலேயே நிற்கிறது.

இதற்கு ஒரு விலை இருக்கிறது. கடதாசியைப் பிடித்து வைத்திருப்பது பசை இல்லை, நாரும் நாரும் தொடும் இடத்தில் உண்டாகும் ஐதரசன் பிணைப்பு. அந்த இடத்தில் ஒரு கல்மணி போய்க் குந்தினால் அங்கே பிணைப்பு இல்லை. தூள் கூடக் கூடத் தாள் கிழியும். வைக்கோல் நார் ஏற்கெனவே கட்டை, சராசரி ஒரு மில்லிமீற்றரை ஒட்டித்தான் வரும், ஊசியிலை மரத்து நார் அதைப் போல மூன்று மடங்கு நீளம். பழைய கடதாசி நாரோ ஒருமுறை காய்ந்து விறைத்துப் பலம் குறைந்தது. ஆகவே கடைக் கடதாசியில் 20 போடுகிறார்கள் என்று நாங்களும் 20 போட முடியாது. மரக்கூழில் எழுதப்பட்ட கணக்கை வைக்கோலுக்குக் கொண்டுவராதீர்கள் என்று அந்தப் பிள்ளைகளுக்குத் திரும்பத் திரும்பச் சொன்னேன்.

எங்கள் மாவட்டத்துக்கு இது புது விசயமும் இல்லை. வாழைச்சேனைக் கடதாசி ஆலை 1950களின் நடுவில் தொடங்கியதே இந்தச் சுற்றுவட்டத்து வைக்கோலை நம்பித்தான். வைக்கோலை எரித்தால் நூற்றுக்கு 15 பங்குக்கு மேலேயே சாம்பல் வரும், அதில் பெரும்பகுதி சிலிக்கா. காரத்தில் அவிக்கும்போது அந்தச் சிலிக்கா கரைந்து, அவித்து வடித்த கறுப்புத் திரவத்தோடு போகிறது, அதனால் அந்தத் திரவத்தைச் சுண்ட வைத்து இரசாயனத்தை மீட்பது மரக்கூழ் ஆலையில் போல இலகு இல்லை. உலகத்தில் வைக்கோலை நம்பின ஆலைகள் எல்லாவற்றுக்கும் இருக்கும் தலையிடி இது.

சரி, தூளுக்கு வருவோம். நான் முதலில் கயோலினைத்தான் சொல்ல இருந்தேன். காரணம், குழு சீனக்காரமும் ரோசின் என்ற மரப்பிசினும் போட்டுத்தான் தாளை மை ஊறாமல் ஆக்கிக்கொண்டிருந்தது. அந்த முறையில் கூழ் கலக்கும் தொட்டியின் தண்ணீர் அமிலமாக, பீஎச் (அமிலம், காரம் காட்டும் அளவு, 7 நடுநிலை) 4.5 முதல் 5.5 வரை நிற்க வேண்டும். அமிலத்தில் கயோலினுக்கு ஒன்றும் ஆகாது, சுண்ணாம்புக்கல் தூளோ கரையும். 20ஆம் நூற்றாண்டில் பெரும்பாலான ஆலைகள் இந்த அமில முறையில் ஓடியபோது கயோலின் கோலோச்சினது அதனால்தான். நம் நாட்டிலேயே, மீட்டியாகொடவிலும் பொரலஸ்கமுவவிலும், அந்தக் களிமண் இருக்கிறது. எல்லாம் பொருந்தி வருகிறதே என்று நினைத்துக்கொண்டு ஒரு சனிக்கிழமை வாழைச்சேனைக்குப் போனேன்.

போன இடத்தில் தொட்டியைப் பார்த்தால் மேலே நுரை. தாளை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தால் ஊசியால் குத்தின மாதிரிப் பொட்டுப் பொட்டாக ஓட்டை. பழைய கடதாசியைக் கழுவின சவர்க்காரம் மிஞ்சிவிட்டது என்று அவர்கள் நினைத்து மூன்று முறை, நாலு முறை கழுவிக்கொண்டிருந்தார்கள், அவ்வளவு தண்ணீரையும் அள்ளி. நான் மூலையில் கிடந்த கந்தோர்க் கடதாசியில் ஒன்றை எடுத்து அதன் மேல் எலுமிச்சம்புளி ஒரு சொட்டு விட்டேன். உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால் குமிழ் குமிழாக வருகிறது.

விசயம் இதுதான். இன்றைக்குக் கந்தோர்களில் பாவிக்கும் கடதாசி அநேகமாகக் கார முறையில் செய்தது, உள்ளே இருக்கும் தூள் கல்சியம் காபனேற்று. நாங்கள் கேட்காமலேயே பழைய கடதாசியோடு சுண்ணாம்புக்கல் தொட்டிக்குள் வந்துவிட்டது. அதன் மேல் சீனக்காரத்தைப் போட்டால் அமிலமும் சுண்ணாம்பும் ஒன்றையொன்று தின்கின்றன: காபனீரொட்சைட்டு நுரையாக மேலே வருகிறது, சீனக்காரம் தன் வேலையைச் செய்யாமலே தீர்ந்துபோகிறது, மையும் ஊறுகிறது. இரண்டு வருடமாக அந்தப் பிள்ளைகள் சீனக்காரத்தைக் கூட்டிக் கூட்டிப் போட்டுக்கொண்டிருந்தது இதற்காகத்தான். எனக்கு உண்மையிலேயே மனம் கஷ்டமாகிவிட்டது, யாராவது ஒருவர் ஆரம்பத்திலேயே ஒரு சொட்டுப் புளி விட்டுப் பார்த்திருந்தால் எவ்வளவு உழைப்பு மிச்சம்.

அதோடு எனது தெரிவும் மாறிவிட்டது. எந்தத் தூள் வெள்ளை, எந்தத் தூள் மலிவு என்று பார்க்கு முன் தொட்டித் தண்ணீர் அமிலமா காரமா, உள்ளே ஏற்கெனவே என்ன கிடக்கிறது என்று பார்க்க வேண்டும். பீஎச் தாள் வேண்டுமென்றால் இறால் பண்ணைக்காரரிடம் கேளுங்கள், தண்ணீர் பார்க்கிற சாமான் அவர்களிடம் இருக்கும். அதுவும் இல்லாவிட்டால் பள்ளிக்கூடத்தில் படித்த செவ்வரத்தம்பூச் சாறு போதும், அமிலத்தில் சிவக்கும், காரத்தில் பச்சையாகும்.

வெறும் வைக்கோலும் சீனக்காரமும் மட்டும் என்றால் கயோலின் இன்னமும் நல்ல தெரிவுதான். தட்டுத் தட்டான மணி, தாளில் படுத்துக் கிடக்கும், அழுத்தினால் மினுமினுப்பும் மட்டமும் வரும். வெள்ளை கொஞ்சம் குறைவு: சாதாரணமாகப் பாவிக்கும் கயோலினின் வெண்மை அளவு 80 முதல் 86 வரை, அரைத்த சுண்ணாம்புக்கல் 90ஐத் தாண்டும். ஏறக்குறைய 1000 பாகையில் சுட்ட கயோலின் இன்னும் நன்றாக மறைக்கும், ஆனால் அது விலை கூடின சாமான். இந்த வழியில் எனக்குள்ள பெரிய குறை கயோலின் இல்லை, சீனக்காரத்தோடு சேர்ந்து வரும் அமிலம். அமிலக் கடதாசி தானே தன்னைத் தின்னும், எங்கள் வீடுகளில் இருக்கும் பழைய புத்தகங்கள் மஞ்சளாகி மூலையை மடித்தால் முறிவது அதனால்தான். கோயில் மலரும் கல்யாணக் கார்ட்டும் ஆட்கள் பேரப்பிள்ளைக்குக் காட்ட வைத்திருக்கும் பொருட்கள். நீண்டகாலக் கடதாசிக்கான ஐஎஸ்ஓ 9706 தரம், கல்சியம் காபனேற்றுக் கணக்கில் நூற்றுக்கு 2 பங்காவது காரச் சேமிப்பு தாளுக்குள் இருக்க வேண்டும் என்று கேட்கிறது. காற்றிலிருந்து வரும் அமிலத்தை அந்தச் சுண்ணாம்பு வாங்கிக்கொள்ளும்.

ஆகவே நான் சொல்வது அரைத்த சுண்ணாம்புக்கல் தூள். வெள்ளை இருக்கிறது, விலை தாங்கும், பெயின்ற், பிளாஸ்டிக் செய்கிறவர்களும் வாங்குவதால் கொழும்பில் கிடைக்கும், ஏற்கெனவே தொட்டியில் இருப்பதோடு சண்டை போடாது. இதற்கு ஒரு உறவு இருக்கிறது, வீழ்படிவாக்கிய கல்சியம் காபனேற்று. சுண்ணாம்புக்கல்லைச் சுட்டு, நீற்றி, அந்தப் பாலுக்குள் காபனீரொட்சைட்டை ஊதித் திரும்பவும் கல்லாக்குவது. மணி பூ மாதிரிக் கொத்தாக விளைவதால் தாளைத் தடிப்பாக்கி நன்றாக மறைக்கும், ஐந்திலும் இதைத்தான் நான் தரத்தில் மேலே வைப்பேன், டைட்டானியத்தை விட்டால். ஒரு தம்பி நாங்களே செய்வோம் என்று நின்றான். சூளைச் சுண்ணாம்பு வாங்கலாம்தான், ஆனால் வெப்பத்தையும் வாயுவையும் சரியாகப் பிடிக்காவிட்டால் ஒரு நாள் ஒரு அளவு மணி வரும், மற்ற நாள் வேறு அளவு. நீறாத சுண்ணாம்பு மிஞ்சினால் பீஎச் 12 வரை ஏறும், அந்தக் காரத்தில் பத்திரிகைக் கடதாசிக் கூழ் மஞ்சளாகிவிடும். சுண்ணாம்புக்காகக் கடலில் முருகைக்கல் எடுப்பதைப் பற்றிப் பேச்சே வேண்டாம், அது சட்டப்படி குற்றம், கல்குடாக் கடலின் மிச்ச அழகையும் அழிக்கிற வேலை.

டல்க்கை நான் முழுதாகத் தள்ளவில்லை. மென்மையான தூள், தாள் கைக்கு வழுவழு என்று இருக்கும், அமிலம் காரம் இரண்டிலும் நிற்கும். அதற்கு இன்னொரு குணம் உண்டு: தண்ணீரை வெறுக்கும், பிசினைப் பிடித்துக்கொள்ளும். பழைய கடதாசியோடு வரும் ஸ்டிக்கர்ப் பசை, டேப், பைண்டிங் பசை எல்லாம் கூழில் ஒட்டு ஒட்டாகித் தாள் எடுக்கும் வலையை அடைக்கும்போது கொஞ்சம் டல்க் போட்டால் அந்த ஒட்டைச் சுற்றிப் பிடித்து ஒட்டாமல் செய்கிறது. ஒரு துணைச் சாமானாக நூற்றுக்கு ஒன்று என்ற அளவில் வைத்திருக்கலாம். முழுத் தூளும் அதுவே என்றால் தண்ணீரில் கலக்கவே பாடுபட வேண்டும், மேலே மிதக்கும்.

டைட்டானியம் டைஒக்சைட்டைப் பற்றிப் பேசினால் எனக்கு ஆசையும் ஆத்திரமும் ஒன்றாக வரும். நாரின் ஒளி முறிவு எண் ஏறக்குறைய 1.53, கயோலின் 1.56, கல்சியம் காபனேற்று 1.6 அளவில், இதுவோ 2.5க்கு மேல். அதனால் காற்று போய் எண்ணெய் நிரம்பினாலும் இது மறைத்துக்கொண்டே இருக்கும், மற்றத் தூள்கள் அப்படி இல்லை. மெல்லிய பைபிள் கடதாசியில் இதைப் போடுவது அதற்காக. விலை எங்களுக்குக் கட்டாது. இங்கிருந்து வடக்கே கரையோரமாகப் போனால் வரும் புல்மோட்டையில் கடற்கரை மணலே இல்மனைட், இதன் மூலப்பொருள். அதை மணலாகவே கப்பலில் ஏற்றுகிறோம், வெள்ளைத் தூளாக வெளிநாட்டிலிருந்து வாங்குகிறோம்.

உமிச் சாம்பலுக்குத்தான் அந்தப் பிள்ளைகள் மிகவும் ஆசைப்பட்டார்கள், எனக்கும் அது சரிவர வேண்டும் என்று இருந்தது. சம்மாந்துறை, அக்கரைப்பற்று ஆலைகளில் மலை மாதிரிக் குவிந்து கிடக்கிறது, உமியின் நிறையில் ஐந்தில் ஒரு பங்கு சாம்பல், அதில் நூற்றுக்கு 85க்கு மேல் சிலிக்கா. ஆனால் ஆலையில் எரியும் சாம்பலில் எரியாத கரி மிஞ்சுவதால் நிறம் சாம்பலும் கறுப்பும்தான். அதைப் போட்டுத் தாளை வெள்ளையாக்க முடியாது. 700 பாகைக்குள் பிடித்துக் காற்று விட்டு எரித்தால் வெள்ளையாக வரும், கூட எரித்தால் பளிங்காகிவிடும், பளிங்குச் சிலிக்காத் தூசு நெஞ்சுக்குள் போனால் திரும்பி வர வழியில்லாத நோய். அதோடு அந்தச் சாம்பல் கடினம், வெட்டுகிற பிளேட்டைத் தேய்க்கும். கடும்பழுப்புப் பை, அட்டை செய்கிறவர்களுக்கு வேண்டுமானால் பார்க்கலாம், அச்சுத் தாளுக்கு வேண்டாம். எந்தத் தூள் என்றாலும் மூட்டையை உடைக்கும்போது முகக்கவசம் போடுங்கள், தூளைத் தண்ணீருக்குள் போட்டுக் கரைத்த பிறகே தொட்டிக்குக் கொண்டுபோங்கள்.

வாங்கும்போது கவனிக்க ஒன்று இருக்கிறது, நான் பிழைவிட்டதே அதில்தான். முதல் முறை ஒரு பெயின்ற் சாமான் கடையில் வெள்ளைத் தூள் 325 மெஷ் என்று ஒரு மூட்டை எடுத்துக் கொடுத்தேன். 325 மெஷ் என்றால் 44 மைக்ரோன் ஓட்டைக்குள்ளால் போன தூள். எங்களுக்கு வேண்டியது சராசரி இரண்டு மைக்ரோனை ஒட்டினது. மேசையில் கொட்டினால் இரண்டும் ஒரே மாதிரிக் கோதுமை மாவு போல இருக்கும், தாளில் போட்டால் மறைக்கவும் இல்லை, கையால் தடவினால் தூள் உதிர்கிறது. கொஞ்சத்தை முன்பற்களுக்கு இடையில் வைத்துக் கடித்துப் பாருங்கள், நறநற என்றால் கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள். கமநல நிலையத்தில் தென்னைக்கும் வயலுக்கும் கொடுக்கும் டொலமைட் அதைவிடக் கரடு. கரும்பலகைச் சோக்கு பலதும் ஜிப்சம், அது தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும்.

சுண்ணாம்புக்கல் தூளுக்கு மாறுவதென்றால் சீனக்காரத்தை விட வேண்டும், அதை மறக்காதீர்கள். ஆலைகள் ஏகேடி என்ற மெழுகுப் பால் போடுகின்றன, அது நடுநிலையிலும் காரத்திலும் வேலை செய்யும், சூடு பட வேண்டும், முழுப் பலன் வர நாளும் எடுக்கும். சின்ன அளவில் அதைப் பீப்பாய் வாங்கிப் பழுதாக்குவதை விட, காய்ந்த தாளை மெல்லிய மரவள்ளி மாக் கஞ்சியில் தோய்த்து எடுப்பது நல்லது என்று முடிவெடுத்தோம். மை ஊறுவது குறைகிறது, மேலே உள்ள தூளையும் கட்டி வைக்கிறது. கஞ்சித் தாளுக்குப் பூச்சி வரும் என்பது உண்மை, ஆகவே மாரி காலத்தில் நன்றாகக் காய வைத்துக் கட்டி வையுங்கள். தூள் போட்ட தாள் தண்ணீரைக் குறைவாகப் பிடிப்பதால் கார்த்திகை மார்கழியிலும் கொஞ்சம் கெதியாகக் காய்கிறது, இது நான் எதிர்பார்க்காத இலாபம்.

தூளைத் தாளுக்குள் நிறுத்துவது தனி வேலை. நாருக்கும் தூளுக்கும் தண்ணீரில் பெரும்பாலும் ஒரே எதிர் மின்னேற்றம், ஒன்றையொன்று தள்ளும், அதனால் வலையைத் தூக்கினால் கீழே வடியும் தண்ணீர் பால் மாதிரி வெள்ளையாக இருக்கும். காசு ஓடுகிறது என்று அர்த்தம். ஆலைகளில் நேர் ஏற்றமுள்ள மாப்பசையோ பொலிஅக்ரிலமைட்டோ போடுவார்கள். குடிதண்ணீர் தெளிய வைக்கப் பாவிக்கும் பொலிஅலுமினியம் குளோரைட்டு எங்களுக்கு உதவினது, சீனக்காரத்தை விட அமிலம் குறைவு, கொஞ்சமே போதும். தூளைக் கூழில் கலந்து நிற்க விட்டு, அந்தக் குளோரைட்டைக் கடைசியில் போட்டு, மெதுவாகக் கிளறி உடனே தாள் எடுக்க வேண்டும். பலமாக அடித்துக் கலக்கினால் பிடித்ததெல்லாம் விட்டுவிடும். வடிந்த தண்ணீரை வீசாதீர்கள், அடுத்த தொட்டிக்கு அதையே ஊற்றுங்கள்.

எவ்வளவு நின்றது என்று அறிய எரித்துப் பார்ப்பதுதான் வழி. 10 கிராம் தாளை நகைக்கடைத் தராசில் நிறுத்து ஒரு பழைய தகரத்தில் எரித்துச் சாம்பலை நிறுங்கள். தூள் போடாத தாளையும் அதே மாதிரி எரித்து அந்த நிறையைக் கழிக்க வேண்டும், ஏனென்றால் வைக்கோலுக்கும் பழைய கடதாசிக்கும் சொந்தச் சாம்பல் உண்டு. கரித்துண்டு மிஞ்சாமல் எரியட்டும், ஆனால் துருத்தி ஊதி வெள்ளையாகப் பழுக்க வைக்காதீர்கள்: 900 பாகையை எட்டினால் கல்சியம் காபனேற்று தன் நிறையில் நூற்றுக்கு 44 பங்கைக் காபனீரொட்சைட்டாக விட்டுவிட்டுச் சுண்ணாம்பாகிவிடும், கணக்குப் பிழைக்கும்.

அச்சகக்காரருக்கும் ஒரு சொல். ஓப்செட்டில் பிளேட்டை நனைக்கும் தண்ணீர் வழக்கமாக அமிலம், பீஎச் 5ஐ ஒட்டி. சுண்ணாம்பு உள்ள தாள் அதைத் தொட்டுத் தொட்டுத் தண்ணீரின் பீஎச்சை ஏற்றும், உருளைகளில் வெள்ளைப் படிவு வரும், தூள் உதிர்ந்தால் மையைத் தாளுக்கு மாற்றும் ரப்பர்ப் பிளாங்கட்டில் ஏறும். இந்தக் கைத்தாளை ஓப்செட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள். ஸ்க்ரீனும் ட்ரெடில் என்ற பழைய எழுத்தச்சு மெஷினும் இதற்கு நல்ல பொருத்தம்.

அளவுக்கு என் தீர்ப்பு: தாளில் நிற்கும் தூள் நூற்றுக்கு 8 முதல் 10 வரை, அதற்கு மேல் இந்த நாருக்கு வேண்டாம். இன்னும் மறைக்க வேண்டுமென்றால் தூளைக் கூட்டாமல் தாளைத் தடிப்பாக்குங்கள், 100 ஜிஎஸ்எம்மிலிருந்து 120க்குப் போங்கள், கோயில் மலருக்கு அது அழகும் கூட. நீள நார் கொஞ்சம் கிடைத்தால், உதாரணத்துக்கு வாழை நார், அதைச் சேர்த்த பிறகு 12 வரை போய்ப் பார்க்கலாம். இந்தத் தை மாதம் வைக்கோல் 40, பழைய கடதாசி 50, வாழை நார் 10 என்று ஒரு தொட்டி கலந்து, இரண்டு மைக்ரோன் தூளோடு முதல் 30 தாளை எடுத்திருக்கிறார்கள். நேற்று அதில் ஒன்றின் இரண்டு பக்கமும் கறுப்பு மையில் தேவாரம் அடித்து யன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். மறுபக்கம் மங்கலாகத் தெரிகிறது, ஆனால் மேசையில் வைத்தால் வாசிக்கத் தடையில்லை. அடுத்த தொட்டிக்கு 120 ஜிஎஸ்எம்மில் எடுக்கச் சொல்லியிருக்கிறேன்.